மூல ஓலையும் குடிவழி வரலாறும்

உயிர் எடுத்த பிறவிகள் எண்ணில. அப்பிறவிகளில் அதற்குத் தாயராயும் தந்தையராயும் வந்தோரும் எண்ணிலர். அவருள் இப்பிறவிக்குரிய ஒரு சிலரை மட்டும் 'எம் முன்னோர்' எனப் பிரித்துக்கொண்டு, அவர்தம் பெயரும் ஊரும் செயலும் எழுதிவைத்து, மக்களுக்கும் பேரர்க்கும் விட்டுச் செல்லுதல் சித்தாந்த நூலுணர்ச்சி உடையார்க்குத் தகுவதாமோ? அஃது 'யான்' 'எனது' என்னும் செருக்கினை ஏட்டிலேற்றி வளர்ப்பதாகாதோ? இவ்வினாவினை அன்பர் ஒருவர் அண்மையில் எம்பால் விடுத்தார். அவர் நூல் கற்றவர்; விளையாட்டாக வினாவினாரல்லர். ஆகலின் யாமும் விரைந்து விடை கூறாது சின்னாள் எண்ணிப் பார்த்து, எமக்குப் புலனாயவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தடை வலியுடையதே. தனு கரண புவன போகங்கள் நான்கும் மாயையினின்று இறைவனால் உயிர்க்குக் கூட்டப்படுவன. உயிர் அநாதி, குடியோ அநாதியன்று. இன்ன குடியிற் பிறத்தல் என்பது அவ்வவ்வுயிரின் வினைக்கீடாக அமைந்த கூட்டமேயன்றி, உயிரின் இயல்போடு ஒன்றிய உறவன்று. சண்டேசுர நாயனார் வரலாற்றிலே, பாற்குடத்தை இடறிய தந்தை எச்சதத்தனின் தாள்கள் துணிக்கப்பட்ட பின்னர், இனி அவர்க்குத் தந்தை தானே என இறைவன் அருளிச்செய்தமை யாவரும் அறிவர். துறவு பூண்டார் முன்னைப் பெயரையும் விடுத்துத் தீக்கைப் பெயர் கொள்கின்றனர். அவரது பூருவாச்சிரமத்தைத் துருவி வினாவுதல் மடங்களில் நன்முறையென எண்ணப்படுவதில்லை. சந்தான குரவர் வரலாறோ குடிமுறையைத் தலைகீழாகவே மாற்றிக் காட்டுகின்றது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளரின் குலகுருவாய் விளங்கிய சகலாகம பண்டிதர், அக்களப்பாளரின் மைந்தராகிய இளம்பிள்ளையின் திருவடியில் வீழ்ந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினார். தில்லைவாழந்தணராகிய உமாபதி சிவம் மறைஞான சம்பந்தரைப் பின்சென்றமையால் தம் மரபினரால் விலக்கப்பட்டார். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, 'பிறப்பு வழியை மறப்பதன்றோ நம் நெறி?' என ஒருவர் கேட்பின், அவர் கூற்றினை எளிதில் தள்ளிவிடல் ஆகாது.

அற்றேல், திருத்தொண்டத் தொகையின் முடிவில் நம்பியாரூரர் தம் தந்தையார் சடையனாரையும் தாயார் இசைஞானியாரையும் பெயர் சுட்டிக் கூறியது எற்றுக்கு? அவ்விருவரும் அறுபத்துமூவருள் வைத்து எண்ணப்படுகின்றனர். அவர் செய்த அருந்தொண்டு இன்னதென விரித்துக் கூறப்படவில்லை. நம்பியைப் பெற்றமையே அவர்க்குச் சிறப்பாயிற்று. ஆளுடைய பிள்ளையார் தம் பதிகங்களில் தமது காழிப்பதியையும் கவுணியர் குடியையும் மறவாது குறித்தருளினார். சேக்கிழார் பெருமானோ, சான்று கிடைத்தவிடத்தெல்லாம் நாயன்மார்தம் ஊர், குடி, தந்தையார், தாயார், உடன்பிறந்தார் என்றிவற்றைக் கூறிப் பின்னரே தொண்டினைக் கூறப் புகுகின்றார். பிறப்பு வழியை நினைத்தல் முழுவதும் பாசமே எனின், இவ்வருளாளர்க்கெல்லாம் அது தெரியாது போயிற்றோ?

ஆகலின் நினைத்தல் என்பது ஒரு தன்மையதன்று என்பது பெறப்படும். ஒருவன் தன் பாட்டன் கட்டிய மண்டபத்தைக் காட்டி, 'இது கட்டினார் எம் குடியார்' என்கின்றான். அதனை மொழியும்போது அவன் உள்ளத்தில் எழுவது யாது என்பதே ஆராயத்தக்கது. 'ஆகலின் யான் பெரியன்' என்பது எழுமாயின் அது ஆணவத்தின் தொழில். 'யான் செய்யாததொன்றன் நிழலில் யான் இருக்கின்றேன்' என்பது எழுமாயின் அது கடனுணர்ச்சி. ஆதீனங்களிலே குருமரபு போற்றப்படும் முறையினை நோக்குக. திருக்கயிலாய பரம்பரை நந்தியெம்பெருமான் முதல் பரஞ்சோதி முனிவர் ஈறாக அகச்சந்தானமாகவும், மெய்கண்டார் முதல் உமாபதி சிவம் ஈறாகப் புறச்சந்தானமாகவும் ஓதப்பட்டு, அருணமச்சிவாயர், சித்தர் சிவப்பிரகாசர் வழியே திருவாவடுதுறை நமச்சிவாய மூர்த்திகளிடத்து வந்து தொடர்கின்றது. அவரவர் பரிபூரணமுற்ற திங்களும் நாண்மீனும் மறவாது குருபூசை செய்யப்படுகின்றது. குடியையும் பெயரையும் துறந்தாரே இத்துணை விழிப்புடன் ஒரு மரபினைக் காத்தல் வியப்பன்றோ? பெற்றது யார் கையினின்று என்பதனை மறந்தவன், பெற்றதனைத் தன்னதென எண்ணத் தலைப்படுவான். அவ்வெண்ணத்திற்கு இடங்கொடாமைப் பொருட்டே மரபு ஓதப்படுகின்றது. குடிவழி வரலாற்றிற்கும் இந்நியாயம் ஒக்கும். அருள் வந்த வழி குருமரபு. உடம்பும் மொழியும் முதற்கல்வியும் வந்த வழி குடிமரபு. மேலது உயர்ந்தது என்பதனால் கீழது பொய்யாகிவிடாது.

இன்னும் ஒன்று. உயிர் தான் சார்ந்ததன் தன்மையைத் தன் தன்மையாகக் கொள்ளும் இயல்பினது என்பது நம் நூல்களின் துணிபு. இளஞ்சிறார்க்குக் குடிவரலாறும் ஒரு சார்பேயாம். வீண்பெருமை நிறைந்த வரலாற்றைச் சார்ந்த பிள்ளை வீணனாகின்றான். வரலாறே இன்றி வளர்ந்த பிள்ளை, தெருவிலும் திரையிலும் எவன் எவன் உரத்துக் கூவுகின்றானோ அவனவனைச் சார்கின்றான். எச்சார்புமின்றி ஒரு பிள்ளையை வளர்த்துவிடலாம் என்று நினைப்பார் உயிரியல்பினை அறியார். ஆகலின் எழுதுதல் வேண்டுமா என்னும் வினா ஈண்டு முடிந்தது. எங்ஙனம் எழுதுவது, யார்க்குக் கொடுப்பது என்னும் வினாக்களே அரியன.

இவற்றிற்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தில் நிகழ்ந்த வழக்கினும் சிறந்த விளக்கம் வேறொன்று எமக்குத் தோன்றவில்லை. அதனைத் தடுத்தாட்கொண்ட புராணத்துட் சேக்கிழார் பெருமான், வழக்காடுமிடத்து நிகழும் முறை ஒன்றும் வழுவாது விரித்துரைத்தார். புத்தூரில் மணப்பந்தரிடத்தே முதிய அந்தணர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு அடிமையென்றும், அவன் பாட்டன் எழுதித்தந்த ஓலை தம்பால் உளதென்றும் கூறுகின்றார். ஆரூரர் முதற்கண் நகைக்கின்றார். அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என வினாவுகின்றார். ஈற்றில் வெகுண்டு தொடர்ந்தோடிப் பற்றி, ஓலையைப் படித்தும் பாராது கிழித்தெறிகின்றார். வெண்ணெய்நல்லூர் அவையத்திலே முதியவர், கிழிக்கப்பட்டது படியோலையே என்றும், மூல ஓலை தம்பால் உளதென்றும் உரைக்கின்றார். அதனையும் கிழிக்காவண்ணம் காத்தல் அவையத்தாரின் பொறுப்பாகின்றது. கரணத்தான் மூல ஓலையைப் படிக்கின்றான். நாவலூர்ப் பாட்டனார் தாமும் தம் வழியினரும் வழிவழி அடிமை செய்தற்கு உடன்பட்டமை அதன்கண் உளது. அவையத்தார் அவ்வளவில் அமைந்தாரல்லர். காப்பில் வைத்திருந்த பாட்டனாரின் வேறொரு கையோலையினை வருவித்து இரண்டன் எழுத்தினையும் ஒத்து நோக்கி, இரண்டும் ஒன்றே எனக் கண்ட பின்னரே நம்பி தோற்றார் என முடிவு கூறினர்.

வழக்குரைத்தவர் இறைவன் ஆகலின் இஃது அருள் விளையாட்டு. இதன்கண் ஆவண முறை நாடுதல் மிகை என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதேம். நினைத்த மாத்திரையில் ஆட்கொள்ள வல்லானாகிய முதல்வன், ஊரவையின்முன் ஓலையொடு வந்து நின்றான். எழுத்தினை ஒத்துப் பார்ப்பதற்கும் உடன்பட்டான். அத்துணைப் பணிவோடு அவன் ஏற்றுக்கொண்டதொரு முறையினை நாம் மிகையென்பது பொருந்துமோ?

அவ்வழக்கிலே நம்பியாரூரர்க்குத் தம் பாட்டனார் செய்தது தெரியாது. தெரியாமையோடு அமையாது, அது தமக்கு இழிவு தருவதென்று கருதியமையாற் கிழித்தார். இன்றும் பழைய ஏடுகளை அழிப்பார் பலர் செய்வது இதுவே. கிழிக்கப்பட்டதோ படியே, மூலம் பிறர் கையில் இருந்தது. நம் குடியின் வரலாறு நம் வீட்டுப் பரணில் மட்டும் இருப்பதன்று. நம் முன்னோர் எவரோடு கட்டுண்டிருந்தனரோ அவர் கையிலும் அதன் ஒரு பகுதி உளது. மேலும் ஒத்துப் பார்த்தற்குரிய பாட்டனார் கையெழுத்தை ஊர் காத்துவைத்திராவிடின் உண்மை துணியப்பட்டிராது. ஆகலின் ஒரு வீட்டார் மட்டும் மறைத்துவைத்துப் போற்றும் ஏடு அரைச் சான்றே; ஊரொடு பகிர்ந்து வைத்ததே முழுச் சான்றாம். இழிவென்று கிழித்த ஓலையே பின்னர் அவர்க்கு உய்தி தந்த ஓலையாயிற்று என்பதனையும் நோக்குக.

இனி, காக்கும் முறை பற்றிச் சிறிது கூறுதும். பனையோலை சில நூற்றாண்டே நிற்பது. மஞ்சளும் வசம்பும் தடவினும், எண்ணெயும் மையும் இட்டுத் துடைப்பினும், படியெடுத்துப் படியெடுத்தே அது வாழும். தில்லையில் மூவர் பதிகங்கள் புற்றினால் மூடப்பட்டிருந்து, எஞ்சியன மட்டுமே கிடைத்தமையைத் திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் (1855–1942) ஏடு தேடிச் சென்றவிடங்களிற் கண்டனவும் கேட்டனவும் எழுதியுள்ளார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டனர் என்று அங்குளார் கூறியதனையும், ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடுவதைப் புண்ணியமாகக் கருதினாரையும் அவர்கள் குறித்திருத்தலைப் படிப்பார் நெஞ்சம் வருந்தாதிராது. செல்லும் கறையானும் அறியாமையாற் செய்தன. மக்கள் பத்தியினாற் செய்தனர் என்பதே கொடுமை. அதே நாளிற்றான், ஆதிசைவர் இல்லங்களினின்றும் மடங்களினின்றும் சுவடிகளைத் தொகுத்துக் காப்பாரும் தோன்றினர். புதுச்சேரியிற் காக்கப்படும் சைவச் சுவடித் தொகுதி 2005-ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஒரு குருக்கள் வீட்டு மூங்கிற் பெட்டியில் கிடந்தது உலகத்தின் நினைவாயிற்று.

குடிக்கணக்கு எழுதுவார் பெரும்பாலும் செய்யுங் குறையொன்று உண்டு. 'பிரபவ வருடம் தை மாதம்' என எழுதி நிறுத்திவிடுவர். பிரபவ 1867-இலும் வந்தது, 1927-இலும் வந்தது, 1987-இலும் வந்தது. எழுதினார்க்கு ஐயமில்லை, படிப்பார்க்கு மூன்று ஆண்டும் ஒன்றாகின்றன. சகாத்தமேனும் கொல்லமேனும் கலியேனும் உடனெழுதினால் இத்துன்பம் இல்லை. சாதக ஓலை இருப்பின் ஒருவாறு தெளியலாம். குருவும் சனியும் அறுபதாண்டில் ஏறத்தாழ முன்னிருந்த இராசிக்கே மீளுதலால் அவை உதவா. இராகு அவ்வாறு மீளான் ஆகலின் அவன் நின்ற இடமே ஆண்டினைக் காட்டிக்கொடுக்கும். பாம்பு இவ்வாறும் பயன்படும் என்பதனைச் சோதிட நூலார் வியப்பொடு நோக்கலாம்! பெயரிலும் மயக்கம் உளது. பாட்டன் பெயரைத் தாங்குதலானே பெயரன் எனப்பட்டான்; அதனால் இரண்டு பெயர்களே எட்டுத் தலைமுறைக்கு மாறி மாறி வருதல் காணலாம். ஒவ்வொருவரையும் தாயார் பெயரோடு சேர்த்து எழுதினாலன்றி இம்மயக்கம் தீராது.

தாயார் பெயரோ கிடைப்பதில்லை. எழுவர் ஆண்மக்கள் பெயரும் நிரலே எழுதி, ஈற்றில் 'பெண் இரண்டு' என முடித்த ஏட்டினை யாம் கண்டுள்ளோம். நீர்க்கடன் செய்யுங்கால் தந்தை வழியில் மூன்று தலைமுறை ஆடவரோடு, தாயையும் பாட்டியையும் பூட்டியையும் பெயர் சொல்லி நீர் இறைக்கின்றோம். நாவு நினைப்பதனை எழுத்தாணி மறந்தது ஏனோ? தஞ்சைப் பெரியகோயிலின் மதிலிலே இராசராச சோழ தேவர் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர் எக்கோயிலினின்று வந்தார் என்பதும், எத்தெருவில் எத்தனையாம் வீட்டிற் குடியிருத்தப்பட்டார் என்பதும் வெட்டுவித்தார். அரசன் கல்லில் பொறித்ததனை நாம் ஓலையிலேனும் எழுதலாகாதோ? நம்பியாரூரர் தாயார் பெயரை விடுத்தாரல்லர் என்பதனை மேலே கூறினோம்.

இனி அரியதற்கு வருதும். குற்றங்களை எழுதலாமா? முன்னோர் செய்த பிழையை எழுதுதல் அவரைப் பழித்தலாகும் என்பர் சிலர். பெரியபுராணத்தை ஓதுவார் இதனைச் சொல்லுதல் முறையன்று. திருநாவுக்கரசர் சமண் சார்ந்திருந்ததனைச் சேக்கிழார் மறைத்தாரல்லர். தமக்கையார் திலகவதியார் வருந்தியதனையும் விரித்தே கூறினார். கோட்புலியார் தம் சுற்றத்தாரை வாளுக்கிரையாக்கியதனையும் மறைத்தாரல்லர். சாமிநாதையரவர்கள் 'என் சரித்திரம்' எழுதியபோது தம் குடியாரின் வறுமையையும் கடனையும் ஒளிக்காது எழுதினார்கள். அதனால் அவர்கள் குடிக்கு என்ன குறை நேர்ந்தது?

சித்தாந்த முறையில் நோக்கின் இது மேலும் தெளிவாம். வினை செய்த உயிரையே சாரும். தந்தை செய்த தீவினையை மகனுயிர் நுகர்வதில்லை. தன் வினைக்கேற்றவாறு அக்குடியிற் பிறந்து தன்னதையே நுகர்கின்றது. ஆதலின் முன்னோன் குற்றம் நம் குற்றமன்று. அதற்கு நாணி ஒளிக்கவேண்டுவதில்லை. அவன் பெருமையும் நம் பெருமையன்று. அதனைச் சொல்லி நிமிரவேண்டுவதுமில்லை. இம்மட்டில் கணக்குச் சரியாயிற்று என ஒருவர் எழுந்து செல்ல நினைக்கலாம். ஆயின் ஒன்று எஞ்சுகின்றது. வினை தொடர்ந்து வாராவிடினும் பொருள் தொடர்ந்து வருகின்றது. பாட்டன் அறமல்லா வழியிற் சேர்த்த நன்செய் பேரன் களத்திலே இன்றும் நெல்லாக விளைகின்றது. அந்நெல்லை உண்டுகொண்டே, 'வினை அவரது, எமக்கென்ன?' என்பது சித்தாந்தமன்று. சித்தாந்தத்தை மேற்போர்வையாகக் கொண்ட தந்நலமே.

இதனை யாம் வெறுமொழியாகக் கூறவில்லை. சில்லாண்டின் முன் காவிரிப் பாங்கரில் ஒரு வேளாண் குடியார் பழைய வீட்டினைப் பிரிக்கத் தொடங்கியபோது, பரணிற் கிடந்த ஓலைக் கட்டொன்றினைப் படித்துக் கூறுமாறு எம்மை அழைத்தனர். நிலவிலைச் சீட்டுக்களும், சாதகங்களும், ஈறு சிதைந்த ஒரு தலபுராணமும் இருந்தன. அவற்றினிடையே ஒரு நறுக்கோலை. அதனை விளக்கிட்டுப் படித்தபோது எம் குரல் தாழ்ந்தது. அஃது ஓர் ஆளோலை. ஒருவனும் அவன் மனைவியும் அவர்தம் மக்கள் இருவரும் விலைகொண்டு அடிமையாக எழுதப்பட்டிருந்தனர். இனி அவர்க்குப் பிறப்பாரும் அவ்வாறே என்பதும் எழுதப்பட்டிருந்தது. ஆண்டின் பெயர் உளது. எந்த அறுபதாண்டு என்பதற்குச் சான்றில்லை.

இத்தகைய ஓலைகள் அரியவல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே ஆட்கள் கோயிலுக்கும் மடங்களுக்கும் விற்கப்பட்டமையும், வறுமை தாங்காது தம்மைத் தாமே விற்றுக்கொண்டமையும் ஆள்விலைப் பிரமாணம் என்னும் பெயரிற் பொறிக்கப்பட்டுள்ளன. மடங்களைச் சார்ந்தார் இதனைப் படிக்குங்கால் கண்ணை மூடிக்கொள்ளல் ஆகாது. இந்நாட்டில் அடிமை கொள்ளும் உரிமையைச் சட்டம் ஏலாதொழிந்தது 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டத்தினாலேயாம்.

வீட்டு முதியவர் அதனைக் கேட்டதும், 'ஐயா, ஆடிப்பெருக்கு வருகிறது; இதனை மட்டும் தனியே எடுத்துக் காவிரியில் விட்டுவிடுவோம்' என்றார். அயல்நாட்டிலிருந்து வந்திருந்த அவர் பேரர் அவ்வாறன்று; ஓலையை ஒளிப்படமெடுத்து, அதன்கண் உள்ள பெயர்களோடு உலகம் முழுதும் காணுமாறு வெளியிடல் வேண்டும் என்றார். இருவரும் நல்லவரே. முதியவர் கூற்றிலே குடிப்பழிக்கு அஞ்சும் நாணம் இருந்தது. இளையவர் கூற்றிலே உண்மைப் பற்று இருந்தது. யாமோ இருவர்க்கும் உடன்படக்கூடவில்லை.

முதியவர்க்கு யாம் கூறியது: நம்பியாரூரர் கிழித்தது தம்மை அடிமையென்ற ஓலையை. அதற்கு ஓர் இயல்பு உண்டு. தாங்கள் அழிக்க நினைப்பதோ பிறரை அடிமையென்ற ஓலையை. வெண்ணெய்நல்லூர் ஓலையில் உடையவன் சிவன். உயிர்கள் அனைத்திற்கும் உடையான் அவன் ஒருவனே என்பது நம் சமயத்தின் உயிர்நிலை. ஓருயிர் மற்றோர் உயிரை உடைமையாக எழுதிக்கொண்டது அவனுடைமையைக் கவர்ந்ததாகும். கவர்ந்ததற்குரிய ஆவணத்தையும் நீரில் விட்டால் கவர்வு தீருமோ? மேலும் இந்நால்வர்க்கும் வேறு சுவடி இல்லை, சாதக ஓலை இல்லை, கல்வெட்டில்லை. அவர் இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இந்நறுக்கு ஒன்றேயாம். இதனை விட்டால் அவர் இரண்டாம் முறையும் இல்லாதார் ஆவர்.

இளையவர்க்குக் கூறியது அரிதாயிற்று. அவர், 'உண்மையை மறைத்தல் ஆகாது என்று தாங்களே சொன்னீர்கள். சேக்கிழார் நாடறிய எழுதவில்லையா?' என்றார். வினா கூரியதே. அப்பரடிகளின் முன்னைப் பிழையைச் சேக்கிழார் நாடறிய எழுதினார். ஆயின் அதற்கு முன்னரே அப்பரடிகள் தம் திருவாயால் அதனைப் பாடிக்கொண்டார். தன் பிழையைத் தான் கூறலாம். தன் குடியின் பிழையையும் குடியார் கூறலாம். பிறர் பட்ட இழிவை அவர் வழியினரைக் கேளாது அம்பலத்தில் ஏற்றுதற்கு நமக்கு உரிமை யாண்டுளது? அவ்வோலையிற் பெயர் குறிக்கப்பட்டாரின் வழியினர் அவ்வூரிலேயே இருத்தலுங் கூடும். அவர் மகளுக்கு மணம் பேசும் நாளில் இப்படம் எவன் கையிலேனும் அகப்பட்டால் நோவது நாமல்லேம். வாங்கினார் பெயரையும் அக்குடியார் இவர் என்பதையும் வெளியிடுக; விற்கப்பட்டார் பெயரை அவரைச் சார்ந்தார் கையிலே முதற்கண் கொடுக்க; வெளியிடுவதும் விடுவதும் அவர் விருப்பம் என்றோம். இளையவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், 'வழியினர் யார் என்பதை எப்படி அறிவது?' என்றார். அதுவே தக்க வினா.

அறிதற்கு வழி பெயரே. மேலே கூறிய பெயரன் முறை எல்லாத் தெருவிலும் உண்டு. ஓலையில் உள்ள ஆடவன் பெயர் அவ்வூர்ப் பக்கத்தே மிக வழங்குவதன்று. ஒரு குலதெய்வத்தின் பெயரோடு சேர்ந்தது. ஊரின் கீழைப்புறத்தே அப்பெயர் தாங்கிய முதியவர் ஒருவர் இருந்தார். அவர் பாட்டனார்க்கும் அதுவே பெயர். இஃது உறுதியான சான்றாகாது என்பதனையும் அவ்விரு திறத்தார்க்கும் எடுத்துக் கூறினோம். ஒத்துப் பார்த்தற்கு வேறோர் ஓலை எக்காப்பிலும் இல்லை.

வீட்டு முதியவர் தாமே அவர் இல்லத்துக்குச் சென்றார். யாமும் உடன் சென்றோம். திண்ணையில் அமர்ந்து ஓலையைப் படித்தோம். அம்முதியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விலைத்தொகை வந்தவிடத்து அவர் ஒன்றுங் கூறவில்லை. மனைவியின் பெயர் வந்தபோது, 'அதை இன்னொரு தரம் படியுங்கள், ஐயா' என்றார். படித்தோம். அப்பெயர் தம் வீட்டில் எவர்க்கும் இட்டதில்லை என்றும், இனிப் பிறக்கும் பெண்ணுக்கு இடலாம் என்றும் தம் மருமகளை நோக்கிச் சொன்னார்.

ஓலையைப் பார்த்து இரண்டு படி எழுதினோம். நாளும் ஆண்டும் எல்லா முறையாலும் குறித்து, படித்தவர் பெயரும் உடனிருந்தார் பெயரும் சேர்த்து எழுதி, வீட்டுக்கொன்றாகக் கொடுத்தோம். மூல ஓலை யார்பால் இருத்தல் வேண்டும் என்பது பற்றி அவ்விரு குடும்பத்தாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர்.